பாட்டுக்காரனுக்குப் போர்த்திய கோடி

முதலில் கெடுத்தவன் நாச்சிமுத்துதான். செங்கோடனின் அப்பா செத்த அன்று, முறைப்படி கோடித்துண்டு கொண்டுவந்து பிணத்தின்மேல் போர்த்த வேண்டிய மருமகன் அவன், செங்கோடனின் தங்கை புருஷன். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து ஒன்பது இட்லி தின்றுவிட்டுப் போனான். பதினோரு வருஷம் ஆயிற்று. இட்லி செரித்துவிட்டது, துண்டு வரவில்லை.

அந்த நாச்சிமுத்து கோயம்புத்தூரில் பந்தல் போடுகிறவன். ஹெவி மெட்டல் கச்சேரி ஒன்றுக்கு மேடை போட்டதில் கிடைத்த நாலு டிக்கெட்டை ஊரில் செங்கோடனுக்கு அனுப்பிவிட்டு, போனில் புத்தியும் சொன்னான்.

"கறுப்புச் சட்டை போட்டுட்டு வாங்க மச்சான். பக்கத்துல இருக்கறவன் என்ன பண்றானோ அதையே பண்ணுங்க. பாடறவன் கூட்டத்து மேல விழுவான். கீழ போட்றாம கையில வாங்கிக் கொண்டு போங்க."

"எவ்வளவு தூரம்?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். அவன் எதைத்தான் முழுசாகச் செய்தான்?

செங்கோடனுக்குப் பாட்டு வேண்டாம். துண்டு வேண்டும். நேரில் கேட்டுவிடுவது என்று கறுப்புச் சட்டை மாட்டி, துண்டு என்றால் எப்படி இருக்கும் என அவனுக்குக் காட்டப் புதுத்துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டாளிகள் மாரப்பன், ஆறுக்குட்டி, பழனியப்பனோடு கிளம்பினார்.

டிக்கெட்டில் 'நிற்பவர்களுக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது. பஸ்ஸில் இருபது சீட் காலி. நால்வரும் நின்றார்கள்.

"உக்காருங்க பெரியவரே," என்றார் கண்டக்டர்.

"உக்காந்தா டிக்கெட் செல்லாதுங்க."

மைதானத்தில் நாலு மணி வெயில். அத்தனை பேரும் கறுப்புச் சட்டை. தலைமுடியை விரித்துப் போட்டு ஆட்டிக்கொண்டு ஓலமிட்டார்கள். இது என்ன விசேஷத்துக்குக் கச்சேரி என்று நால்வரும் வாசலிலேயே நின்று யோசித்தார்கள்.

"கல்யாணத்துல எவனாச்சும் கறுப்புச் சட்டை போடுவானா?" என்றான் ஆறுக்குட்டி.

"அப்ப சாவுதான். ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டறாங்களே, அதென்ன?" என்றான் பழனியப்பன்.

"ரெண்டு மணிக்கு எடுக்கறதா இருந்திருக்கும். லேட்டாயிருச்சு," என்றான் மாரப்பன்.

செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. சொந்த மாமனாருக்கு ஒரு துண்டு போடாதவன், ஊர் பேர் தெரியாதவன் சாவுக்குப் பந்தலே போட்டிருக்கிறான்!

உள்ளே போய், சொன்னபடி பக்கத்தில் இருந்தவர்களைப் போலவே முடியை ஆட்டினார்கள். பழனியப்பனுக்கு வழுக்கை. பக்கத்தில் நின்றவன் முடியைப் பிடித்து ஆட்டினான்.

அப்போது பாடகன் மேடையிலிருந்து குதித்தான். கைமாறிக் கைமாறி, கண்ணை மூடி நாக்கை நீட்டியபடி, இவர்கள் தலைக்கு மேல் வந்து சேர்ந்தான்.

"கால் முன்னாடி வரட்டும்!" என்றார் செங்கோடன். நாலு பேரும் தோள் கொடுத்தார்கள்.

"கோடி யாரு போடறது?" என்றான் ஆறுக்குட்டி. மூவரும் செங்கோடனின் தோளைப் பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு புதுத்துண்டைப் போர்த்தினார்.

பிணம் வாசலைத் தாண்டியது. இதுவும் கச்சேரிதான் என்று கூட்டம் பின்னால் ஆடிக்கொண்டு வந்தது. கிட்டார்காரர்கள் ஒயர் எட்டிய மட்டும் வந்தார்கள். முச்சந்தியில் இறக்கி, முறைப்படி மூன்று சுற்றுச் சுற்றியதும் பாடகன் கண்ணைத் திறந்தான்.

"யாருய்யா நீங்கெல்லாம்?"

"எந்திரிக்காதீங்க, சுடுகாட்டுக்கு இன்னும் அரை மைல் இருக்குது," என்றான் மாரப்பன்.

பாடகன் விழுந்து விழுந்து சிரித்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேடைக்கே ஓடிப்போனான்.

நாச்சிமுத்து மூச்சிரைக்க வந்தான். "பிரமாதம் மச்சான்!"

"என்ற துண்டு எங்க?" என்றார் செங்கோடன்.

"எந்தத் துண்டு?"

"எங்கப்பனுக்கு ஒண்ணு, இந்தப் பாட்டுக்காரனுக்கு ஒண்ணு."

"இவனோடதை இவனைக் கேளுங்க. மாமனோடதுதான் பழசாயிருச்சே, விடுங்க."

ஊருக்கு வந்து நால்வரும் ஆலோசித்தார்கள்.

"போட்ட கோடியை வாய்விட்டுக் கேக்கப்படாது. நம்ம வீட்டுல சாவு விழுந்தா அவங்களா கொண்டுவரணும்," என்றான் மாரப்பன்.

"யாரு சாவறது?"

"துண்டு யாருதோ அவருதான்."

செங்கோடனுக்கும் அது நியாயமாகப் பட்டது. கறுப்புச் சட்டையோடு கட்டிலில் நீட்டிப் படுத்தார். நாச்சிமுத்துவுக்குப் போன் போயிற்று. 'பாட்டுக்காரர், மேடை, கோயம்புத்தூர்' என்று கடிதமும் போயிற்று.

மறுநாள் காலை வாசலில் செருப்புச் சத்தம். செங்கோடன் கண்ணைத் திறக்கவில்லை.

"மாரப்பா, கையில துண்டு இருக்குதா பாரு."

"உங்க மாப்ளைதானுங்க. வெறுங்கை."

"அப்ப நான் இன்னும் செத்துத்தான் கிடக்கறேன்னு சொல்லு. இட்லியை எடுத்து உள்ள வை."