பெரிய சக்கரமும் ஊசிக் காலும்

பள்ளத்தாக்கு ஒன்றால் இரண்டாகப் பிளந்து கிடந்த ஒரு காட்டில், ஒரு கரடி சின்ன விமானம் ஓட்டிவந்தது.

இந்தப் பக்கம் புல்வெளி. அந்தப் பக்கம் வெறும் கல்மேடு. கல்மேட்டில் முயல்கள் இருந்தன. மழை பிடித்துக்கொண்டால் முயல்குட்டிகளுக்குக் குளிர்காய்ச்சல் வரும். காய்ச்சலுக்கான வேரோ இந்தப் பக்கம்தான் முளைக்கும். பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும்போது பறவைகள் தூக்க முடியாத அந்தக் கனத்த வேரைக் கொண்டுபோக விமானத்தை விட்டால் வழி கிடையாது.

கல்மேட்டில் இறங்கும்போதெல்லாம் விமானத்தின் குட்டிச் சக்கரங்கள் கல்லிடுக்கில் சிக்கும். ஊசி போன்ற கால்கள் வளையும். கரடி அவற்றைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு திரும்பும். வளைவதும் நிமிர்த்துவதுமாக இரும்பு நைந்துபோனது.

கரடி காட்டு மன்றத்தில் போய் நின்றது. "பெரிய சக்கரம் வேண்டும். அதைத் தாங்க உறுதியான கால்களும் வேண்டும்," என்றது.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் பாதிதான் கொடுப்பார்கள். கொடுத்த பாதியை வேண்டாம் என்றவர் அடுத்த மழைக்காலம் வரை வாய் திறக்கக் கூடாது. இதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அழகைத் தவிர வேறொன்றும் அறியாத மயில் முதலில் பேசியது. "கொக்குக் காலில் பூசணிக்காய் கட்டினதுபோல் இருக்குமே, கரடியாரே. பார்க்கச் சகிக்குமா?"

நரி எழுந்தது. "விமானம் பறப்பதற்கா, நிற்பதற்கா? ஆகாயத்தில் காலுக்கு என்ன வேலை? கல்லில் உருளச் சக்கரம் போதும். கால் பழையதே இருக்கட்டும்."

"சக்கரம் மட்டும் பெரிதானால் கனம் கூடும், நரியாரே," என்றது கரடி. "கல்லில் அது வாங்குகிற அடியெல்லாம் காலுக்குத்தான் போகும். இரண்டும் சேர்ந்தால்தான் உதவும்."

"நீ போவது கல்மேட்டுக்கா, கல்யாணத்துக்கா? அடிமுதல் நுனிவரை புதுசு கேட்கிறாயே," என்றது நரி. மன்றமே சிரித்தது.

தலைமை வகித்த யானைக்குத் தூக்கம் வந்துவிட்டது. "கேட்டது இரண்டு. தருவது ஒன்று. வேண்டுமா, வேண்டாமா?"

கரடி குட்டிகளை நினைத்தது. வேண்டாம் என்றால் இதுவும் போகும். "வேண்டும்," என்றது.

பெரிய சக்கரத்தோடு முதல் தடவை இறங்கியபோது விமானம் குலுங்கவே இல்லை. 'வீணாகத்தான் பயந்தேனோ' என்று கரடிக்கே தோன்றியது. அந்த நினைப்புத்தான் அதைக் கெடுத்தது.

திரும்பி வந்ததும் நரி சொன்னது: "பார்த்தாயா? நான் சொன்னபோது முறைத்தாயே. சக்கரம்தான் பெரிதாகிவிட்டதே, இனி இரட்டைச் சுமை ஏற்று. ஒரு நடை மிச்சம்."

கரடி அப்படியே ஏற்றியது.

கல்மேட்டில் சக்கரம் பட்டதுதான் தாமதம். ஒரு கால் முறிந்தது. சாய்ந்த வேகத்தில் மற்றதும் முறிந்தது. பெரிய சக்கரங்கள் இரண்டும் ஒரு கீறலும் இல்லாமல் உருண்டோடிப் பள்ளத்தாக்கில் விழுந்தன. மூட்டைகள் கிழிந்து, வேரெல்லாம் சரிந்து வெள்ளத்தோடு போனது. ஒரு பிடி மிஞ்சியது.

விமானத்துக்குள்ளிருந்து கரடி ஊர்ந்து வெளியே வந்தது. முயலம்மா ஓடி வந்தது.

"அடிபட்டதா, மாமா?"

"இல்லை, தாயே."

"அப்படியானால் அடுத்த மூட்டை எப்போது வரும்?"

கரடி அங்கே பறந்துகொண்டிருந்த மைனாவைக் கூப்பிட்டு, "இரண்டு காலும் போய்விட்டன என்று மன்றத்தில் சொல். குட்டிகள் கிடக்கிற கிடையையும் சொல்," என்று அனுப்பியது.

மறுநாள் மைனா வந்தது. கரடியின் முகத்தைப் பார்க்காமல் பாறையில் உட்கார்ந்தது.

"மன்றம் கூடியது, அண்ணே. உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நரியார் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள்."

"சொல்லட்டும். கால் என்ன ஆயிற்று?"

"இரண்டு கேட்டீர்கள் அல்லவா? ஒன்று கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதை நீங்களே வந்து எடுத்துப்போக வேண்டுமாம்."

கரடி வெள்ளத்தைப் பார்த்தது. பிறகு முயல்வளைக்குப் போனது. எல்லோரிலும் சின்னக் குட்டி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. வேர் முதல் நாளே தீர்ந்திருந்தது. கரடி குட்டியைத் தூக்கித் தன் வயிற்று மயிருக்குள் வைத்து மூடிக்கொண்டது. வேறொன்றும் அதனால் செய்ய முடியவில்லை. விடியும்போது நடுக்கம் நின்றிருந்தது. மூச்சும் நின்றிருந்தது.

நீதி: தான் விழப்போவதில்லை என்றால், சிக்கனம் எவருக்கும் எளிது.