அம்மாசி செய்த கொக்கு அட்டை

பூசணிப்பட்டியில் மூளை உள்ளவர்கள் எல்லாம் எப்போதோ வெளியூர் போய்விட்டார்கள். போகாமல் கிடப்பவர்களில் அம்மாசி, சோணை, பூவலிங்கம் என்று மூன்று தடிமாடுகள். மூன்றையும் சேர்த்து அரைத்தாலும் ஒரு கரண்டி புத்தி தேறாது.

"அடுப்பில பால் இருக்கு, கண்ணை எடுக்காமப் பாரு" என்று சொல்லிவிட்டு அம்மாசியின் பெண்டாட்டி ராக்காயி தண்ணீருக்குப் போனாள். அவனும் கண்ணை எடுக்கவில்லை. பால் பொங்கி வழிந்து, சட்டி கருகுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அன்றைக்கே தாய்வீடு போய்விட்டாள்.

போனவள், தன் அண்ணன் கடையில் விற்கிற ஜப்பான் காகிதப் பொட்டலம் ஒன்றைச் சேதியோடு கொடுத்தனுப்பினாள். "இதுல ஒரு கொக்கு மடிச்சு, வாழ்த்து அட்டையில ஒட்டி, வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கம்மா வீட்டுல வந்து என் கையில குடுக்கணும். ஒரு வேலையாச்சும் உருப்படியா செய்றியான்னு பாக்குறேன். இல்லைன்னா நான் வரமாட்டேன்."

அம்மாசி அழுதேவிட்டான். அவள் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சோறு வடிக்கவும் தெரியாது.

பொட்டலத்தில் அச்சடித்திருந்த செய்முறையைப் பூவலிங்கம் எழுத்துக்கூட்டி வாசித்தான். "காகிதத்தைப் பாதியாக மடிக்கவும். பிறகு பிரிக்கவும்."

"பிரிக்கணும்னா எதுக்கு மடிக்கணும்?" என்றான் சோணை.

"மடிக்காம எப்படிடா பிரிப்பே?"

"அதுவும் சரிதான். எத்தனை தடவைன்னு போட்டிருக்கா?"

"போடலை."

போடாததால் நிறுத்தவில்லை. அம்மாசி மடிக்க, சோணை பிரிக்க, மத்தியானம் தாள் மடிப்போடு கிழிந்து இரண்டானது. இப்போதுதான் சரியான பாதி என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது, மடிப்பை நகத்தால் தேய்க்க வேண்டும். அம்மாசிக்கோ நகம் கடிக்கிற பழக்கம். அவன் கையைத் துணியில் கட்டிப்போட்டு, மூன்று நாள் ஊட்டிவிட்டு, நகம் வளரக் காத்திருந்தார்கள். கரண்டிக் காம்பால் தேய்க்கலாமே என்று இவர்களுக்கு யார் சொல்வது?

வியாழக்கிழமை கொக்கு ஒருவழியாகப் பிறந்தது. அலகு இருக்க வேண்டிய இடத்தில் வால், வால் இருக்க வேண்டிய இடத்தில் பசை. "நிழலில் உலர்த்தவும்" என்று போட்டிருந்ததால், அதை அட்டையில் ஒட்டி வேப்பமர நிழலில் வைத்தார்கள். நிழல் நகர நகர அட்டையையும் நகர்த்தினார்கள். சாயங்காலம் நிழல் நீண்டு பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குள் போனது. அட்டையும் போனது. மாடு ஒரு மூலையைத் தின்றது, கொக்கைத் தொடவில்லை. மாட்டுக்குப் புத்தி உண்டு.

வெள்ளிக்கிழமை காலை அட்டையோடு கிளம்பலாம் என்று கதவைத் திறந்தால், வாசலில் பையோடு ராக்காயி.

"மனசு கேக்கலய்யா, நானே வந்துட்டேன். குடு அந்த அட்டையை" என்று கையை நீட்டினாள்.

அம்மாசி அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "இங்க எப்படிடி குடுக்கிறது? உங்கம்மா வீட்டுலல்ல குடுக்கச் சொன்னே. குடுக்கலைன்னா நீ வரமாட்டியே."

"அதான் வந்துட்டேனே."

மூவரும் ஒதுங்கிப்போய் வெகுநேரம் ஆலோசித்தார்கள். சோணை வந்து பணிவாகச் சொன்னான். "மதினி, பத்தரை பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிருங்க. இன்னைக்கு விட்டா நீங்க வரவே மாட்டீங்க."

ராக்காயி தலையில் அடித்துக்கொண்டு ஏறினாள். அதே பஸ்ஸில் பின் சீட்டில் அம்மாசி, அட்டையை மடியில் பொத்திக்கொண்டு.

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா, புருஷன் பெண்டாட்டியா?"

"ஆமாங்க," என்றான் அம்மாசி. "ஆனா இப்பப் பேச்சு இல்ல. அவ இன்னும் திரும்பி வரலை."