முறியாத பத்தியம்

மலையடிவாரத்து மடத்தில் சீடரைவிடக் குரு வயதில் சின்னவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். சீடர் குருவை அம்மா என்றார். அவர்கள் இருவருக்கும் இதில் சங்கடம் எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத்தான் இருந்தது.

குருவின் பெயர் தவமணி. வெயில், மண், தண்ணீர், பச்சிலை, பட்டினி. இவைதான் அவருடைய மருந்துப்பெட்டி.

சீடர் ஆவுடையப்பன் டவுனில் சாப்பாட்டு ஹோட்டல் நடத்தியவர். ஊருக்கெல்லாம் வயிறாரச் சோறு போட்டுவிட்டு, தான் மட்டும் நேரத்துக்குச் சாப்பிடாமல் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்ட புண்ணியவான். பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வலி மட்டும் கூடவே வந்தது. அந்த வலியோடு மடத்துப் படியேறினார்.

தவமணி அவர் வயிற்றில் ஈரத்துணி கட்டினார். காலை வெயிலில் வெறுங்காலோடு நடக்க வைத்தார்.

"ஒரு மண்டலம் பத்தியம். உப்பு, புளி, காரம் மூணும் ஆகாது" என்றார்.

வலி போயிற்று. மண்டலமும் போயிற்று. ஆவுடையப்பன் மட்டும் போகவில்லை. ஹோட்டலை மகனிடம் விட்டுவிட்டு மடத்திலேயே சீடராகத் தங்கிவிட்டார். பத்தியத்தையும் விடவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின.

ஒருநாள் அவர் குருவிடம் கேட்டார்.

"அம்மா, உடம்புல ஒரு குறையும் இல்ல. கல்லைத் தின்னாலும் செரிச்சிரும். ஆனா சந்தோசம் மட்டும் வரமாட்டேங்கு. ஏன்?"

"பத்தியம் இன்னும் முறியலையே, அண்ணாச்சி."

மருந்து முடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உப்புப் போட்ட சோற்றைச் சாப்பிடுவார்கள். அதைத்தான் பத்தியம் முறிப்பது என்பார்கள். அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆவுடையப்பனுக்கோ அது வேறு மாதிரி காதில் விழுந்தது. முறிக்கிற காலம் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வெல்லத்தையும் விட்டார்.

குரு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மார்கழியில் ஒரு மத்தியானம், ஆவுடையப்பனின் தங்கை உலகம்மை மூச்சு வாங்க மடத்துக்கு வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் வாழையிலைச் சுருள்.

"அண்ணே, நம்ம வடிவுக்குத் தை மாசம் கல்யாணம்."

ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது. தங்கை மகள் வடிவு அவர் தோளில் தூங்கி வளர்ந்த பிள்ளை.

"ரொம்ப சந்தோசம்மா. மாப்பிள்ளை எந்த ஊரு?"

"அதெல்லாம் பொறவு. மொதல்ல கை நனைங்க. சோறும் தேங்காப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் கொண்டாந்திருக்கேன்."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்குப் பத்தியம்மா."

உலகம்மை வாளியைக் கீழே வைத்தாள்.

"இதே பேச்சுத்தான் எங்க புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தப்பவும் பேசினிய. பந்தியில அத்தனை பேரும் பாக்க, கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வெள்ளரிக்காயைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனிய. உங்க மச்சானுக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. 'என் வீட்டுல கை நனைக்காத மனுசன் என் மக கையைப் புடிச்சு மணையில உக்கார வைக்கக்கூடாது'ன்னு இப்ப ஒத்தக் கால்ல நிக்காரு."

"நான் வேணும்னா செஞ்சேன்? வயித்துக்குப் பயந்துல்லா..."

"அவருக்கு அது தெரியுமா? இந்தா, ஒரு வாய் சாப்பிடுங்க. எங்க அண்ணன் என் கையால சாப்பிட்டாருன்னு போய்ச் சொல்லுதேன், மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன். இல்லன்னா மாமன் இருந்தும் எம் பிள்ளை மாமன் இல்லாம மணையேறணும்."

ஆவுடையப்பன் தூக்குவாளியையே பார்த்தார். வடிவின் கல்யாணத்தில் மாமனாக நிற்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை மிச்சமில்லை. ஆனாலும் கை நீளவில்லை. அந்த வலி எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

"நான் உசுரோட இருக்க வேண்டாமா, உலகு?"

"இருந்து என்ன செய்யப்போறிய?"

உலகம்மை அதோடு விடவில்லை. முற்றத்தில் வேப்பிலை உருவிக்கொண்டிருந்த தவமணியிடம் நேராகப் போய் நின்றாள்.

"நீங்கதான் குருவா? எங்க அண்ணனுக்கு வந்த நோயைத் தீர்த்தியளா, இல்ல வேற நோயைக் குடுத்து இங்கேயே உக்கார வச்சிட்டியளா?"

அங்கிருந்தவர்கள் எல்லோரும் திகைத்துப் போனார்கள். மடத்தில் குருவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. தவமணிக்குக் கோபம் வரவில்லை.

"சொதி நல்லா மணக்குதே. யாரு பக்குவம்?"

"எல்லாம் எங்க அண்ணன் பக்குவந்தான். அவுக சொல்லிக்குடுத்ததுதான்."

ஆவுடையப்பன் குருவின் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சாப்பிடுன்னு சொன்னா இப்பவே சாப்பிடுதேன்."

தவமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிடாதிய."

"அம்மா..."

"உப்பைத் தொட்டா மடத்துல உங்களுக்கு இடமில்ல. நான் குருவும் இல்ல, நீங்க சீடரும் இல்ல."

உலகம்மை குனிந்து வாளியை எடுத்தாள்.

"சரி. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வருசம் நல்லா இருங்க."

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். ஆவுடையப்பன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குருவைப் பார்த்தார். வயிற்றுக்குள்ளிருந்து எதுவோ பொங்கி வந்தது. பழைய வலி இல்லை அது. கோபம், சுத்தமான கோபம்.

"ஏளா உலகு, நில்லு!"

ஹோட்டலில் கல்லாவிலிருந்து அடுப்படிவரை கேட்கும் குரல் அது. மடம் அதைக் கேட்டதே இல்லை.

"எலையைப் போடு."

"அண்ணாச்சி, நான் சொன்னது காதுல விழுந்துதா?" என்றார் தவமணி.

"நல்லாவே விழுந்துது. இடமில்லன்னா போறேன். இந்த மலையில படுக்க ஒரு மரத்தடி கிடைக்காதா? செத்தாலும் எம் மருமக கல்யாணத்தைப் பாத்துட்டுத்தான் சாவேன். அதுக்கு யார் தடுத்தாலும் சரி, நீங்க தடுத்தாலும் சரி."

அவரே இலையை விரித்தார். தண்ணீர் தெளித்தார். உலகம்மை சோறு வைத்து, சொதியை ஊற்றினாள். முதல் கவளம் உள்ளே போனதும் ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது கவளம் போனது. மூன்றாவதில் நிறுத்தினார்.

உலகம்மை பதறினாள். "என்னண்ணே, வலிக்கா?"

"வலியா? மொத பாலை எறக்கும்போதுதான் ஊத்தணும்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்? கொதிக்க விட்டுத் திரிய வச்சிருக்கியே, மூதி!"

உலகம்மை அழுதுகொண்டே சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்காமல் புரையேறியது. அவள் தலையில் தட்டினாள். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே மடத்தில் யாருக்கும் தெரியாது.

தவமணி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு எலை போடுங்கக்கா."

ஆவுடையப்பனுக்கு வாயில் வைத்த கை வாயிலேயே நின்றது.

"அம்மா, நீங்களா? அப்போ உப்பு? பத்தியம்?"

"அது மண்டலத்தோடயே முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி."

"முடிஞ்சுபோச்சா? அப்போ ஏன் சாப்பிடாதியன்னு சொன்னிய? சாப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

தவமணி சொதியைச் சோற்றில் பிசைந்தார்.

"சொல்லியிருந்தா, இதையும் பத்தியமால்லா சாப்பிட்டிருப்பிய."