ராஜா நடக்கப்போகும் குன்று

வெகுகாலத்துக்கு முன்னால் மேல்வெள்ளூர் நாட்டைக் கோதைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் அவர் மனசு எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் விடிந்ததும், தலைநகரை ஒட்டிய செம்மண் குன்றின் உச்சியில் தனக்கொரு மாளிகை வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வேலை கட்டட அதிகாரி மாணிக்கராயரிடம் போனது. அவருக்கு மந்திரி ஆலத்தூராரைக் கண்டாலே ஆகாது. ராஜாவின் குன்று பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று மரம், செடி, புல் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டார். அஸ்திவாரம் தோண்டிய மண்ணும் மேலேயே குவிந்து கிடந்தது. மழைக்காலமோ நெருங்கிவிட்டது.

மந்திரி சபையில் எழுந்தார். கிழக்குச் சரிவில் விழும் மழை ஊர் குடிக்கிற ஏரிக்குப் போகிறது, இந்த மண்ணெல்லாம் அதில் இறங்கினால் கோடையில் ஜனங்கள் சேற்றைத்தான் குடிக்க வேண்டும், மழை முடியும்வரை வேலையை நிறுத்துங்கள் என்றார். மாணிக்கராயர் சிரித்தார். அடிவாரத்தில் ஒரு கல்சுவர் எழுப்பினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு மந்திரியார் ஏன் இப்படி நடுங்குகிறார் என்று கேட்டார்.

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. மேற்குச் சரிவுக்குக் கீழே அவருடைய தாமரைக் குளம் இருந்தது. அதைக் காக்கும் பொறுப்பைச் செல்லப்பிள்ளை மாணிக்கராயருக்குத் தந்தார். கல்லும் ஆளும் கேட்டபடியே கிடைத்தன. ஏரிப் பக்கம் மந்திரிக்கு.

"உமக்கு ஒரு கல் கிடையாது, அரண்மனை ஆள் ஒருவன் கிடையாது. ஏரி கலங்கினால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போக வேண்டும். சம்மதமா, மந்திரியாரே?"

"சம்மதம், அரசே. ஒரே ஒரு வரம் போதும். முதல் மழை விட்டதும் தாங்கள் கிழக்குச் சரிவில் நடந்து ஏற வேண்டும்."

இவ்வளவுதானா என்று ராஜா தலையாட்டினார். எந்த வழியாக என்று மந்திரி பணிவாகக் கேட்க, அன்றைக்கு மனசு போன வழியில் என்றார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா நடக்கும் இடத்தில் குடிமக்கள் முன்கூட்டியே வைக்கோல் பரப்புவார்கள். வழி தெரிந்திருந்தால் ஒரு பாதையோடு வேலை முடிந்திருக்கும். தெரியாததால் தெருத்தெருவாக ஜனங்கள் கிளம்பி வந்து சரிவு முழுவதையும் மூடினார்கள். காற்றில் பறக்காமல் கயிறு கட்டி முளை அடித்தார்கள். ராஜாவின் கால் வழுக்கினால் ஊன்றிக்கொள்ள வேண்டுமே என்று, சுள்ளிக்கட்டுகளைச் சரிவின் குறுக்கே வரிசை வரிசையாகப் பதித்தார்கள். இறங்கி வந்து அவர் கால் கழுவ, அடிவாரத்தில் அகலமான குழிகள் வெட்டினார்கள். குவிந்திருந்த மண்ணுக்குக்கூடப் பழைய பாய்களைப் போர்த்தினார்கள். மந்திரி குன்றுக்குப் படுக்கை விரிக்கிறார் என்று மாணிக்கராயர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மழை வந்தது. அப்படியொரு மழையை ராஜா பார்த்ததே இல்லை. மேற்கே சிவப்புத் தண்ணீர் கல்சுவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டே போயிற்று. சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மொத்தமாக விழுந்தது. தாமரைக் குளம் இருந்த இடத்தில் சேறுதான் மிஞ்சியது.

ராஜா பதறிக்கொண்டு கிழக்கே ஓடினார். குடை பிடிப்பவன் பின்தங்கிவிட்டான். அங்கேயும் அதே மழை அதே செம்மண் குன்றில்தான் கொட்டியது. ஆனால் வைக்கோலில் விழுந்த தண்ணீர் மண்ணைக் கிளறாமல் நழுவியது. ஒவ்வொரு சுள்ளிக்கட்டிலும் நின்று, மூச்சு வாங்கி, கொண்டுவந்த மண்ணை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு மெல்ல இறங்கியது. மிச்ச மண் குழிகளின் அடியில் தங்கிவிட்டது. ஏரிக்குள் போகும் நீரில் இறங்கிய ராஜாவுக்குத் தன் கால்விரல்கள் தெரிந்தன. கோட்டையைச் சூழ்ந்த படைகளைக் கண்டு அசராதவர், இத்தனை பெரிய மழையை வெறும் வைக்கோல் அடக்கியதைக் கண்டு அசந்துபோனார். பிறகு குனிந்து, கை நிறைய அள்ளிக் குடித்தார்.

நனைந்தபடி வந்து சேர்ந்த மாணிக்கராயருக்குப் பொறுக்கவில்லை. "இதில் மந்திரியாரின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது, அரசே? தங்கள் பாதத்துக்காக ஜனங்கள் செய்தது."

"உண்மைதான்," என்றார் மந்திரி. "ஊர் குடிக்கிற தண்ணீருக்காகக் கேட்டேன், தாங்கள் செவிசாய்க்கவில்லை. தங்கள் பாதத்துக்காகக் கேட்டேன், உடனே கிடைத்தது."

சுற்றி நின்றவர்கள் நடுங்கிப்போனார்கள். ராஜாவின் முகம் சிவந்து, மெதுவாகத் தணிந்தது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். மாணிக்கராயரிடம் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துக் குளத்துச் சேற்றில் இறங்கச் சொன்னார்.

மழை விட்டது. ராஜா ஏறுவதைப் பார்க்க ஊரே காத்திருந்தது. அவரோ சரிவின் ஓரத்திலேயே நின்றுவிட்டார்.

"இதை மிதிக்க எனக்கு மனசு வரவில்லை," என்றார். "இனி இந்த நாட்டில் யார் எங்கே மண்ணை வெட்டினாலும், நாளைக்கு அங்கே ராஜா நடக்க வருகிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும்."