கொழும்பிலிருந்து வந்த ஆர்டர்

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் சர்வதேசச் சிறுதொழில் மேலாண்மை முதுகலை வகுப்பெடுத்த பேராசிரியர் ஆளவந்தார், தான் எழுதிய புத்தகத்தை மாணவர்கள் தலையில் கட்டுவதையே தொழிலாக வைத்திருந்தார். ஒருநாள், "இதுதான் உங்க ஏற்றுமதிப் பயிற்சி. என் புத்தகத்துக்கு வெளிநாட்டு ஆர்டர் பிடிக்காதவங்களுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது" என்று அறிவித்தார்.

அந்த வகுப்பில் படித்த இசக்கியம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த மனுஷன் மார்க்கைக் குறைத்ததால்தான் அவள் தோழி ரெபேக்கா போன வருஷம் படிப்பையே விட்டாள். "இந்தாளைச் சும்மா விடக்கூடாது" என்று பல்லைக் கடித்தபடி கொழும்பிலிருந்த சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

ஆண்டு விழா மேடையில், கல்லூரி முதல்வர் முன்னால் ஆளவந்தார் மார்தட்டினார்.

"என் புத்தகம் மொத்தமும் கொழும்புக்குப் போகுது! வாங்குறவர் யாருன்னு சொல்லும்மா இசக்கி."

அவள் மைக்கைப் பிடித்தாள். "என் சித்தப்பாதான் சார், அங்க கடலை வறுத்து விக்கிறார். ஒரு பிரதி அனுப்பினேன். ரெண்டு பக்கம் படிச்சுட்டு, தாள் நல்ல கெட்டி, பொட்டலம் மடிக்க எல்லாத்தையும் அனுப்புன்னுட்டார்."

அரங்கமே சிரித்தது. "என்ன கிண்டலா?" என்று கத்தினார் ஆளவந்தார்.

"ஆர்டர்தானே கேட்டீங்க? எதுக்குன்னு சொல்லலையே. மார்க்கைப் போடுங்க."

முதல்வர் முகம் கறுத்தது. "மார்க்குக்காகவா புத்தகம் விக்கச் சொன்னீங்க?"

வகுப்பே எழுந்து நின்று, "ஆமா சார்" என்றது.

அந்த வாரமே ஆளவந்தாரிடமிருந்து வகுப்பு பறிக்கப்பட்டது. ரெபேக்காவின் போன வருஷத் தாளை வேறொருவர் மறுபடி திருத்தினார், அவள் தேறினாள்.