தளவாயின் ஒன்பது முடிச்சு

வெகு காலத்துக்கு முன்னே, கொன்றை நாட்டை விசயமாறன் என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்லவர்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

நாட்டுப்புறம் சவாரி போவதென்றால் ராசாவுக்கு உயிர். ஒருநாள் ஆற்றங்கரையில் இறங்கி அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, காரி என்ற அவருடைய கறுப்புக் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பிடித்துவந்தபோது வாயெல்லாம் ரத்தம். கடிவாள வாரை மரத்தில் கட்டியது படைத்தலைவரான தளவாய் திருமேனியார். பழியை மட்டும் லாயத்துத் தலைவர் மீரான் ராவுத்தர்மேல் போட்டுவிட்டார். ராசாவுக்கு ராவுத்தர்மேல் இருந்த பிரியம் தளவாய்க்கு ரொம்ப நாளாகக் கண்ணில் விழுந்த தூசி.

"அடுத்த சவாரியில் இருவரும் கட்டிக் காட்டுங்கள். தோற்றவர் கையில் இனி என் குதிரை இல்லை" என்றார் ராசா.

ராவுத்தர் காரியின் உதட்டில் மஞ்சள் தடவிக்கொண்டே யோசித்தார். தனக்கு வேறு ஊரில் வேறு லாயம் கிடைக்கும். இந்த வாயில்லாப் பிராணிக்கு?

அந்த நாளும் வந்தது. தளவாய் ஒரு மாமரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்தார். நீளக் கயிறு, அதில் ஒன்பது முடிச்சு.

"யானை இழுத்தாலும் அவிழாது மகாராசா! ராவுத்தர் போடுவது ஒரே முடிச்சு. கயிற்று வாலைச் சுண்டினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்!"

கூட்டம் சிரித்தது. ராவுத்தர் அண்ணாந்து பார்த்தார். கிளை நுனியில் இலைகளைச் சுருட்டி ஒட்டிய பந்து ஒன்று. முசுறு எறும்புக் கூடு.

"தளவாய் ஐயா, அந்த இடம் குதிரைக்கு ஆகாது."

"நிழலுக்கு என்னய்யா குறை? பொறாமையா?"

"சரி ஐயா. மகாராசா, ஒரு விண்ணப்பம். கட்டு எப்படி என்று குதிரையைக் கேட்டால் சொல்லாது. கட்டிய நாங்கள் சொல்வோம். அவர் கட்டில் அவர் நிற்கட்டும், என் கட்டில் நான் நிற்கிறேன்."

ராசாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "கட்டுங்கள்!"

ராவுத்தர் பக்கத்து வேம்பின் அடிமரத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரு முழம் தளர்வு விட்டுத் தன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். மாங்கிளையில் தளவாயின் இடுப்பைக் கட்டி, அவருடைய ஒன்பது முடிச்சையும் காவலர்கள் போட்டார்கள்.

"இழுத்துக் காட்டுங்கள் ஐயா" என்றார் ராவுத்தர்.

தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். கிளை ஆடியது. பந்து தலையிலேயே வந்து உடைந்தது.

"ஐயோ! அப்பா! அவிழுங்கடா!"

தளவாய் குதிக்கக் குதிக்க முடிச்சு இறுகியது. நீளக் கயிறு காலில் சுற்றி ஆளைக் கவிழ்த்தது. நான்கு காவலர்களின் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். ராவுத்தர் தன் கயிற்றின் வாலை ஒரே சுண்டு சுண்டினார். விடுபட்டு ஓடிவந்து, ராசாவின் கத்தியை வாங்கித் தளவாயின் கயிற்றை அறுத்தார். சட்டைக்குள் புகுந்த எறும்புகளையும் அவரே தட்டிவிட்டார்.

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, காரியைப் பார்த்தார். "அன்றைக்கு இதுவும் இப்படித்தானே துடித்திருக்கும். கட்டியது யார் தளவாய்?"

வீங்கிய உதட்டோடு தளவாய் சொன்னார்: "நான்தான் மகாராசா."

ராசா தன் முத்துமாலையைக் கழற்றி ராவுத்தர் கழுத்தில் போட்டார். "தளவாயாரே, ஒரு மாதம் லாயத்தில் இவரிடம் கயிறு பிடித்துப் பழகும்."

இன்றைக்கும் கொன்றை நாட்டில் யாராவது தன் பலத்தைப் பற்றி அளந்தால், கேட்கிறவர்கள் மெதுவாகச் சொல்வார்களாம்: "கட்டினது சரிங்க. அவிழ்த்துக் காட்டுங்க, பார்ப்போம்."