பரிமாறியவளின் தட்டு

“எனக்குன்னு பணம் வெச்சுக்கணும்னு நினைக்கறது பேராசையா, அம்மா?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. பென்ஷன் கிடையாது. கைக்கு வந்த பி.எஃப். பணம் வங்கியில் கிடக்கிறது. அதை மொத்தமாகத் தொழிலில் போடத் தரச்சொல்லி மகன் கதிரேசன் கேட்கிறான்.

அவள் யோசனை கேட்டு வந்த ஆசிரமத்தை நடத்தும் அம்மை அவளைவிடப் பத்து வயது சின்னவள். கரண்டியை எடுத்து நீட்டினாள்.

“பந்திக்கு நேரமாச்சு. நீங்க பரிமாறுங்க, அக்கா.”

செண்பகவல்லிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போதும் என்று கைகாட்டியவர்களுக்கும் இன்னொரு கரண்டி போட்டாள். கடைசி ஆள் கை கழுவப் போனபோது அண்டாவில் ஒட்டிய சோறுதான் மிச்சம்.

“நீங்க சாப்பிடலையா?”

“எனக்குப் பசிக்கலம்மா.”

விடியற்காலையில் பஸ் ஏறியவள். வழியில் ஒரு டீ குடித்ததோடு சரி.

“பசிக்கலன்னு எப்போலேர்ந்து சொல்றீங்க?”

செண்பகவல்லி யோசித்தாள்.

“கல்யாணமானதுலேர்ந்து.”

அம்மை சிரிக்கவில்லை. சாப்பிட்டு எழுந்தவர்களைக் கூப்பிட்டு, இந்த அக்கா இன்னும் சாப்பிடவில்லை என்றாள். எல்லோரும் பதறினார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஆனால் ஒருவரிடமும் ஒரு பிடி சோறில்லை.

அம்மை அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள். இங்கே ஒருவேளைச் சமையல்தான், இனி நாளைக்குத்தான் அடுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செண்பகவல்லிக்கு முதலில் கோபம் வந்தது. அது பசிதான் என்று ஒத்துக்கொள்ள இருட்டும்வரை ஆனது.

மறுநாளும் கரண்டி அவள் கைக்கே வந்தது. அண்டாவைத் திறந்ததும் ஒரு தட்டில் சோறு போட்டு, மூடி, ஓரமாக வைத்தாள். திருடுகிற மாதிரி கூசியது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை.

பிறகு பரிமாறினாள். போதும் என்றவர்களை விட்டுவிட்டாள். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பந்தி முடிகிற நேரத்தில் மகன் போன் செய்தான். கையெழுத்துப் போட என்றைக்கு வருகிறாய் என்று கேட்டான். லாபம் வரட்டும், உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான்.

“வெச்சுக்குவேடா. எனக்குத் தெரியும்” என்றாள். “ஆனா, எனக்குக் கடைசிவரைக்கும் வேணுங்கறதை முதல்ல எடுத்து வெச்சுட்டுதான் உனக்கு. மிச்சம் எவ்வளவோ, அவ்வளவுதான்.”

“என்னம்மா இப்படிச் சொல்றே?” என்றான். வழக்கமாக இந்த இடத்தில் அவள்தான் இறங்கிவருவாள்.

“நீ யோசிச்சு வை. நான் சாப்பிட்டுட்டுப் பேசறேன்” என்று போனை வைத்துவிட்டுத் தட்டைத் திறந்தாள்.